ஆச்சிமார் வெளியே சொல்லாத வியாதி

திருவேங்கடம் என்றதும் பலருக்கும் ஏழுமலையான்தான் நினைவுக்கு வருவார். இந்தத் திருவேங்கடம் வேறு. சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் ஊர். ரொம்ப காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு போனது. பருத்தி, மிளகாய், சோளம், கம்பு என்று வானம் பார்த்த விவசாயம். கோவில்பட்டியும் சிவகாசியும் பக்கம் என்பதால் இந்த வட்டாரத்தில் தீப்பெட்டி வேலையும் உண்டு. களை எடுப்பது, பருத்தி எடுப்பது, தீப்பெட்டி ஒட்டுவது... மூன்றுமே பெரும்பாலும் பெண்கள் குனிந்தோ குத்தவைத்தோ செய்யும் வேலைகள்.

இப்படிப்பட்ட ஊர்களில் வயதான ஆச்சிமாருக்கு வரும் ஒரு வியாதியைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சேலை நனைந்துவிடும். அல்லது திடீரென்று முட்டிக்கொண்டு வரும், புறவாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விடும். மருத்துவர்கள் இதைச் சிறுநீர்க் கசிவு என்கிறார்கள். ஊரில் இதற்குத் தனியாகப் பெயர் கிடையாது. ஒரு வாக்கியம்தான் உண்டு: "வயசானா அப்படித்தான், போகப் போகக் கூடத்தான் செய்யும்."

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது ஒரு முன்கணிப்பு. நோய்க்குக் காரணம் வயது என்று ஒன்று. வந்துவிட்டால் கூடுமே தவிரக் குறையாது என்று இன்னொன்று. ஒரே வாக்கியத்தில் இரண்டு தீர்ப்பு! படித்த மருத்துவ உலகமும் வெகுகாலம் இதையேதான் கொஞ்சம் பெரிய வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு தூரம் சரி என்று சோதித்துப் பார்க்கத் தொடங்கியதே போன நூற்றாண்டின் கடைசியில்தான். அந்தக் கதையும், அதில் நம்மூர் ஆச்சிமாருக்கு இடம் இருந்ததா என்பதும்தான் இங்கே விஷயம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இருமல், தும்மல், பாரம் தூக்குதல் என்று வயிற்றில் அழுத்தம் ஏறும்போது கசிவது ஒரு வகை. சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்துபோவதால் வருவது. பிரசவம் இதற்கு முக்கிய காரணம். அடக்க முடியாத அவசரத்தோடு போய்விடுவது இரண்டாவது வகை. இதில் சிறுநீர்ப்பையே நேரங்காலம் தெரியாமல் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து வருவது மூன்றாவது. நடுத்தர வயதில் முதல் வகை அதிகம். வயது ஏற ஏற அவசர வகையும் கலப்பு வகையும் கூடும். யாருக்கு எப்படிப் போகும் என்று கணிப்பதற்கு இந்த வகைப் பிரிவே முதல் படி. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் எந்தக் கணிப்பும் தேறாது.

நவீன மருத்துவத்தில் இந்தக் கதை ஓர் அசிங்கமான இடத்திலிருந்து தொடங்குகிறது. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், கடினமான பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்த பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பழகினார். பழகியது அடிமைப் பெண்கள் மீது, மயக்க மருந்து இல்லாமல். அனார்ச்சா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 முறை. 1849இல் வெற்றி கிடைத்தது. சிம்ஸ் புகழ் பெற்றார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவருடைய சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். இந்த ஓட்டை நோய் வேறு, முதுமையில் வரும் கசிவு வேறு. ஆனால் ஒரு விஷயம் அப்போதே பதிந்துவிட்டது: கசிவு என்றால் கத்தி. கத்தியால் சரிசெய்ய முடியாத கிழவிகளின் கசிவைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

அந்தக் கிழவிகள் எங்கே இருந்தார்கள்? இங்கிலாந்தில் ஏழைகள் விடுதிகளின் கட்டில்களில் இருந்தார்கள். 1935இல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம், பக்கத்திலிருந்த பழைய ஏழைகள் விடுதியின் 714 நோயாளிகளை ஒப்படைத்தார்கள். பலர் வருடக்கணக்காகப் படுக்கையிலேயே கிடந்தவர்கள். வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்தார். படுத்தே கிடக்கும் ஒருவருக்குக் கழிப்பறைக்குப் போக வழியில்லை. போக வழியில்லாதவருக்குப் படுக்கை நனையத்தான் செய்யும். வயதின் மேல் போட்ட பழியில் பாதி அந்தக் கட்டிலின் பழி. முதியோர் மருத்துவம் என்ற தனித் துறையே இங்கிருந்துதான் கிளைத்தது.

அதன் பிறகு வந்தவர்கள் இதை முதுமையின் பெரும் பிரச்சினைகளில் ஒன்றாக வரிசைப்படுத்தினார்கள். கிளாஸ்கோவில் பணியாற்றிய பெர்னார்ட் ஐசக்ஸ், முதுமையின் அரக்கர்கள் என்று நான்கைச் சொன்னார்: நடமாட்டம் போவது, தடுமாறி விழுவது, நினைவு மங்குவது, கசிவு. 1962இல் டோரீன் நார்டன் என்ற செவிலியர் தம் சகாக்களோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். எந்த நோயாளிக்குப் படுக்கைப் புண் வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு மதிப்பெண் அட்டவணை. உடல்நிலை, மனநிலை, செயல்பாடு, அசைவு, கசிவு என ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழ் வந்தால் ஜாக்கிரதை. கூட்டல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு! ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். இங்கே கசிவைக் கொண்டு வேறொன்றை முன்கணிக்கிறார்கள். கசிவு எப்படிப் போகும் என்று கணிக்க யாருக்கும் தோன்றவில்லை. அது நிரந்தரம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் 1948இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகளை, கை கால் தசைகளைப் போலவே பயிற்சியால் வலுவாக்க முடியும் என்றார். சிறுநீரை அடக்க எந்தத் தசையை இறுக்குவோமோ அதையே இறுக்கி விட்டு இறுக்கி விட்டுச் செய்யும் பயிற்சி. இன்றைக்கும் உலகம் முழுக்க முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது இதுதான். செலவு: பூஜ்யம். விற்க எதுவும் இல்லாததால் விளம்பரமும் இல்லை.

சரி, எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்தச் சாதாரணக் கேள்விக்கு 1980 வரை உருப்படியான பதில் இல்லை. அந்த வருடம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தாமஸ் என்பவரும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலில் மருத்துவ, சமூக நலத் துறைகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் கசிவு இருப்பதாகத் துறைகளுக்குத் தெரிந்தவர்கள் 2.5 சதவீதம். பிறகு 22,430 பேருக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்கள். இப்போது அதே வயதுப் பெண்களில் 11.6 சதவீதம்! இளைய பெண்களில் வித்தியாசம் இன்னும் மோசம்: பதிவேட்டில் 0.2, தபாலில் 8.5.

வணிகவியல் மொழியில் சொன்னால், ஏட்டில் ஏறாத கடன். இருப்புநிலைக் குறிப்பு சுத்தமாக இருக்கிறது, ஆனால் கடை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாடு அது. தபால் என்பதால் சொன்னார்கள். முகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த 2.5க்கும் 11.6க்கும் உள்ள இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

ஒரு தடவை கேட்டால் எத்தனை பேர் என்று தெரியும். எப்படிப் போகிறது என்று தெரிய, அதே ஆளிடம் மறுபடி கேட்க வேண்டும். இதைச் செய்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாஷ்டெனா என்ற வட்டாரம். 1980களில் டியோக்னோ, ஹெர்சாக் ஆகியோரின் குழு, 60 வயதைத் தாண்டி வீட்டில் வாழ்பவர்களை நேரில் பேட்டி கண்டது. ஒரு வருடம் கழித்து மறுபடி. அடுத்த வருடம் இன்னொரு முறை. 1990இல் வெளியான முடிவுகளில் புதிதாகக் கசிவு வந்தவர்கள் இருந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மற்றொன்று. முந்தைய ஆண்டு கசிவு இருந்த பெண்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்கள், இந்த ஆண்டு இல்லை என்றார்கள். அறுபது வயதுக்கு மேல்!

பத்தில் ஒன்று பெரிய எண் இல்லைதான். மீதி ஒன்பது பேருக்கு அது தொடர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "கூடத்தான் செய்யும்" என்ற வாக்கியத்தை உடைக்க அந்த ஒருவர் போதும். முதுமை என்பது இயந்திரத்துக்கு வருடா வருடம் எழுதும் தேய்மானம் போல ஒரே நேர்கோட்டில் இறங்குவதில்லை.

ஏன் சிலருக்குப் போய்விடுகிறது? கிட்டத்தட்ட அதே காலத்தில், 1985இல், நீல் ரெஸ்னிக் என்ற முதியோர் மருத்துவர் இதற்கு ஒரு பட்டியல் போட்டிருந்தார். தற்காலிகக் கசிவின் காரணங்கள்: காய்ச்சல் போன்றவற்றால் வரும் மனக் குழப்பம், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு நின்ற பின் பிறப்புறுப்புச் சவ்வு மெலிதல், சாப்பிடும் மாத்திரைகள், மனச்சோர்வு, சர்க்கரை போன்ற காரணங்களால் அதிகம் சிறுநீர் சேருதல், நடக்க முடியாமை, மலச்சிக்கல். திரும்பப் படித்துப் பார்த்தால் இதில் ஒன்றுகூட வயது இல்லை! எல்லாமே வயதானவர்களுக்கு அதிகம் வருகிறவை, அவ்வளவுதான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரை ஒன்றே போதும், இரவெல்லாம் ஓடவைக்க. மலச்சிக்கலுக்கும் கசிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைந்த குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கல் வருகிறது, மலச்சிக்கலால் கசிவு கூடுகிறது. கரிசல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் வரும் மற்றக் கேடுகள் தனி.

அடுத்த கட்டம் நார்வே. அங்கே 1993இல் சாண்ட்விக், ஹன்ஸ்கார் முதலியோர் ஒரு எளிய அளவுகோலை வெளியிட்டார்கள். கேள்வி இரண்டுதான். எவ்வளவு அடிக்கடி? (மாதம் ஒரு முறைக்கும் குறைவு 1, மாதத்தில் சில முறை 2, வாரத்தில் சில முறை 3, தினமும் 4.) ஒவ்வொரு முறையும் எவ்வளவு? (சொட்டுகள் 1, அதற்கு மேல் 2.) இரண்டையும் பெருக்கினால் 1 முதல் 8 வரை ஓர் எண். ஸ்கேன் வேண்டாம், லேப் வேண்டாம். இந்த அளவுகோலை வைத்து 1995 முதல் 1997 வரை ஒரு மாவட்டம் முழுக்க 27,936 பெண்களிடம் கேட்டார்கள். நான்கில் ஒருவருக்கு ஏதோ ஓரளவு கசிவு இருந்தது. நூற்றில் ஏழு பேருக்கு அது பெரும் தொல்லை.

அந்தத் தரவிலிருந்து முன்கணிப்புக்கான துப்புகள் வரிசையாகக் கிளம்பின. 2003இல் வெளியான ஆய்வில், 65 வயதுக்கு உட்பட்ட 15,307 பெண்களை எடுத்துக்கொண்டு, பிள்ளை பெறாதவர்களில் 10.1 சதவீதம், சிசேரியனில் மட்டும் பெற்றவர்களில் 15.9, சுகப்பிரசவத்தில் மட்டும் பெற்றவர்களில் 21 என்று கண்டார்கள். 2004இல் இன்னொன்று: தாய்க்குக் கசிவு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு 1.3 மடங்கு, அக்கா தங்கைக்கு இருந்தால் 1.6 மடங்கு. பிரசவம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வு, மாதவிலக்கு நின்ற, பிள்ளையே பெறாத கன்னியாஸ்திரீகள் 149 பேரிடம் கேட்டது. பாதிப்பேருக்கு இருந்தது! இளமையில் பிரசவம் போட்ட கோடு, முதுமையில் மற்றக் காரணங்களோடு கலந்து மங்கிவிடுகிறது.

2002இல்தான் இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் தன் வரையறையையும் மாற்றியது. அதுவரை சமூக ரீதியிலோ சுகாதார ரீதியிலோ தொல்லையாக இருக்க வேண்டும், மருத்துவர் கண்ணால் பார்த்து நிரூபிக்கவும் வேண்டும். புதிய வரையறையில் தன்னை அறியாமல் சிறுநீர் கசிகிறது என்று அந்தப் பெண் சொன்னாலே போதும். சொல்கிறவளின் வார்த்தைக்கு மதிப்பு வர அத்தனை காலம் ஆனது.

மருத்துவர்களின் முன்கணிப்பே தலைகீழாகப் போன ஒரு கதையும் உண்டு. மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் குறைவதால்தான் கசிவு, எனவே ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் குறையும் என்று பல்லாண்டுகளாக நம்பினார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. இதய நோயுள்ள 2,763 வயதான பெண்களுக்கு நடந்த அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில், கசிவு இருந்த 1,525 பேரைத் தனியாகப் பிரித்து நான்கு வருடம் கவனித்தார்கள். 2001இல் முடிவு வந்தது. ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கசிவு கூடியது. வெறும் பொய் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் கூடியது. 2005இல் இன்னும் பெரிய பரிசோதனையும் இதையே உறுதி செய்தது. (வாய்வழியாகச் சாப்பிடும் ஹார்மோன் பற்றிய பேச்சு இது. பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு வேறு விஷயம், அது சிலருக்கு உதவுகிறது.)

இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் எண் ஒன்று இருக்கிறது. பொய் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 26 சதவீதம் பேருக்குக் கசிவு குறைந்தது. கூடியவர்கள் 27, குறைந்தவர்கள் 26! சராசரி வயது அறுபதுகளின் பிற்பகுதி. நான்கு வருடம். ஊர்ச் சொல்லின் இரண்டாம் பாதி இங்கே நின்றுபோகிறது.

அப்படியானால் யாருக்குக் கூடும்? 1976 முதல் நடக்கும் அமெரிக்கச் செவிலியர் ஆய்வு போன்ற நீண்ட தொடர் ஆய்வுகள் சொல்வது சுருக்கமாக இது: உடல் எடை அதிகம் உள்ளவர்கள், கலப்பு வகை உள்ளவர்கள், சர்க்கரை, பக்கவாதம், மறதி நோய் உள்ளவர்கள், நடை தளர்ந்தவர்கள். குறைய வாய்ப்புள்ளவர்கள்: லேசாக இருக்கும்போதே கவனித்தவர்கள், நடமாடிக்கொண்டிருப்பவர்கள். இந்தப் பட்டியலில் பல விஷயங்கள் மாற்றக்கூடியவை. 2009இல் வெளியான பரிசோதனையில், எடை கூடிய 338 பெண்களில் ஒரு குழுவினர் ஆறு மாதத்தில் எடையில் சுமார் 8 சதவீதம் குறைத்தார்கள். கசிவு 47 சதவீதம் குறைந்தது. வெறும் அறிவுரை பெற்ற குழுவில் 28.

இனி கடலைத் தாண்டி இங்கே வருவோம். தமிழ்நாடு இந்த வரலாற்றில் ஒரேயடியாகப் பின்தங்கியது என்று சொல்ல முடியாது. இந்தியாவிலேயே முதல் முதியோர் நலப் புறநோயாளிப் பிரிவு 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் வ.செ. நடராஜன். பத்து வருடம் கழித்துத் தனி வார்டும் வந்தது. முதுமையைப் பற்றித் தமிழில் எளிமையாக எழுதிவந்தவர். 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தார்கள். எல்லாம் சென்னையில். திருவேங்கடத்திலிருந்து ஓர் இரவுப் பயணம், கசிவு உள்ள ஆச்சிக்கு பஸ்ஸில் ஓர் இரவு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

கிராமத்துப் பெண்களிடம் போய்க் கேட்டவர்கள் வேறு ஆட்கள். 1989இல் ராணி பங், அபய் பங் தம்பதி மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்ணுறுப்பு நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பகுதியில் இயங்கும் ருவ்செக் என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்த சுந்தரி ரவீந்திரனும் சகாக்களும் கர்ப்பப்பை இறக்கம் உள்ள பெண்களிடம் பேசி 1999இல் எழுதினார்கள். பிள்ளை பெற்றுச் சீக்கிரமே பாரம் சுமக்கப் போனது, வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்தது என்று அந்தப் பெண்களே சொன்ன விவரங்கள் அவை. கர்ப்பப்பை இறக்கமும் சிறுநீர்க் கசிவும் ஒரே தசைத் தளர்ச்சியின் பிள்ளைகள். பலருக்குச் சேர்ந்தே இருக்கும். கசிவையே நேரடியாகக் கேட்ட ஆய்வுகளும் பின்னர் வந்தன. 2013இல் வட இந்தியாவில் ஒரு மருத்துவமனைக்கு வந்த 3,000 பெண்களிடம் கேட்டதில் 21.8 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆனால் இது ஒரே ஒரு தடவை கேட்டது. அதே பெண்ணிடம் ஐந்து வருடம் கழித்துக் கேட்கவில்லை.

மேல்நாட்டில் செய்த சூத்திரத்தை வாங்கி இங்கே போட்டுப் பார்த்தால் என்ன? 2018இல் அப்படி ஒரு சூத்திரம் வெளியானது. பிரசவமாகி 12 வருடம், 20 வருடம் கழித்துக் கசிவு வருமா என்று கணிப்பது. சுவீடன், பிரிட்டன், நியூசிலாந்துப் பெண்களின் தரவில் உருவானது. அதிலும் குறி தப்பாமல் சொல்லிவிட முடியாது; பூவா தலையா போட்டால் பத்தில் ஐந்து சரியாக வரும் என்றால் இது ஆறு, ஏழு என்ற அளவில்தான். அது கேட்கும் விவரங்களைப் பார்த்தால் இன்னும் சிக்கல்: முதல் பிள்ளை பெற்றபோது வயது, தாயின் உயரம், எடை, குழந்தையின் பிறப்பு எடை, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா... வீட்டில், மருத்துவச்சி கையில் ஐந்தாறு பெற்ற ஆச்சியின் தலைப்பிள்ளையை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? தன் தாய்க்குக் கசிவு இருந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும், அந்தத் தாய்தான் யாரிடமும் சொல்லவில்லையே!

அந்தச் சூத்திரத்தில் இல்லாத, ஆனால் இங்கே கணக்கில் எடுத்தே ஆகவேண்டிய ஒன்று கழிப்பறை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிராமப்புற வீடுகளில் கழிப்பறை உள்ளவை நூற்றுக்கு 23தான். அதாவது இன்று எழுபது வயதாகும் ஆச்சிமாரில் பெரும்பாலோர் வாழ்நாளெல்லாம் விடியுமுன் ஒரு தடவை, இருட்டிய பின் ஒரு தடவை என்று அடக்கிப் பழகியவர்கள். அதன்பின் தூய்மை இந்தியா திட்டத்தில் நிறையக் கழிப்பறைகள் கட்டினார்கள். ஆனால் பெரும்பாலும் குத்தவைக்கும் வகை, பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. மூட்டு வலி உள்ளவருக்கு அந்தப் பத்துப் பதினைந்து அடி தூரமும், உட்கார்ந்து எழும் சிரமமும்தான் அவசரத்துக்கும் கசிவுக்கும் நடுவே உள்ள வித்தியாசம். சுவரில் ஒரு பிடிகம்பி, ராத்திரிக்கு ஒரு லைட், இல்லாவிட்டால் கட்டிலருகே ஒரு பாத்திரம்... மாத்திரையை விட இவை முதலில் வேண்டும்.

காசு விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடலாம். 2018 ஜூலையில் மாதவிலக்கு நாப்கினுக்கு ஜி.எஸ்.டி.யை முழுவதும் நீக்கினார்கள். நாடு முழுக்கப் போராடிப் பெற்றது. முதியோர் உபயோகிக்கும் டயாப்பருக்கு 12 சதவீதம் அப்படியே இருந்தது. 2025 செப்டம்பரில்தான் 5 ஆனது. கல்லூரிப் பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள், கிடைத்தது. ஆச்சிமார் கேட்கவில்லை.

அதே ஆளிடம் மறுபடி கேட்கும் வேலை இந்தியாவிலும் தொடங்கியிருக்கிறது என்பது நல்ல செய்தி. முதியோர் பற்றிய நீண்டகாலத் தொடர் ஆய்வான லாசி, முதல் சுற்றை 2017-18இல் நடத்தியது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000க்கும் அதிகமானோர். சிறுநீர்க் கசிவும் கேள்வித்தாளில் இருக்கிறது. ஆனால் கேள்வியின் அமைப்பு, உங்களுக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டறிந்திருக்கிறார்களா என்பது. மருத்துவரிடமே இதைச் சொல்லாத ஆச்சி என்ன பதில் சொல்வார்? "இல்லை" என்பார். பொய்யும் இல்லை. 1980இல் பிரிட்டனில் பதிவேட்டில் இருந்த அந்த 2.5 சதவீதம்தான் மறுபடி வந்து நிற்கும்.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளர்களும் வருகிறார்கள். நீர் மாத்திரை, சர்க்கரை, நடை என்று ரெஸ்னிக்கின் பட்டியலில் உள்ளவற்றில் மூன்றாவது ஏற்கெனவே இவர்கள் கையில் இருக்கிறது. தசைப் பயிற்சி சொல்லித்தரக் கூடியவரும் கூடவே இருக்கிறார். வருவதும் பெண், பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண். மருத்துவர் முன்னால் வாய் திறக்காத ஆச்சி அவளிடம் திறக்கக்கூடும். "ஆச்சி, சேல நனையுதா? எத்தன நாளைக்கு ஒருக்கா? சொட்டா, கூடவா?" நார்வேக்காரர்களின் இரண்டு கேள்வியும் இதில் முடிந்துவிட்டது. பெருக்கினால் வரும் எண்ணைக் குறித்து வைத்து, அடுத்த பொங்கலுக்கு மறுபடி கேட்டால், 8 இருந்தது 8ஆகவே நிற்கிறதா, 4 ஆகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.